கேமராவுக்கு வெள்ளையடித்தோம்

என் வீடு இடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் அதே வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதுகைச் சுவரில் சாய்த்திருந்தேன். சுவர் எப்போதும்போல் குளிர்ந்து, நேராக, ஆடாமல் நின்றது. செய்தி கொண்டுவந்தவர் எங்கள் காப்பி எஸ்டேட்டின் ரைட்டர், அதாவது ஆள் கணக்கு எழுதுகிறவர். என் முன்னால் நின்றுகொண்டு, என் வீட்டைப் பார்க்காமல் கையிலிருந்த போனைப் பார்த்துச் சொன்னார்.

“உன்ற ஊடு சிவப்புல இருக்குதப்பா. முன் சுவரு வெளிய பிதுங்கிப்போச்சு. கூரை நடுவுல உக்காந்துபோச்சு. குடியிருக்க லாயக்கில்லைன்னு போட்டிருக்காங்க.”

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

“எந்தச் சுவருங்க?”

“முன் சுவரு.”

“இவரு சாஞ்சிருக்கறாரே, இதுங்களா?”

ரைட்டர் போனை இன்னும் கொஞ்சம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். “அதேதான்.”

“அப்ப இவரு எதுல சாஞ்சு உக்காந்திருக்கறாரு? காத்துலயா?”

அவர் போனை எங்களிடம் நீட்டினார். விரலால் தள்ளினால் படத்துக்குள் இருந்த வீடு சுற்றியது. மேலே போய்ப் பார்க்கலாம், பக்கவாட்டில் போய்ப் பார்க்கலாம். எங்கள் லைனில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், உள்ள எட்டு வீடுகளும் அதில் இருந்தன. என் வீடு வெயிலில் வைத்த வெல்லக்கட்டிபோல் இருந்தது. சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஓட்டை இல்லாத இடம் கர்ப்பிணி வயிறுபோல் தள்ளிக்கொண்டிருந்தது. தகரக் கூரை தொட்டிலாய்த் தொங்கியது. வாசலில் நீலமாக ஒரு புகை நின்றது. படம் பிடித்த அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை நீலம். ஆக அந்தப் புகை நான்.

எங்கள் எஸ்டேட் ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகிற பக்கம் சரிவில் இருக்கிறது. நிழல் மரங்களுக்குக் கிளை கழிப்பதும், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றிக் கட்டுவதும் என் வேலை. போன வருடம் எஸ்டேட் கை மாறியது. புது முதலாளி எங்கோ தூரத்து நகரத்தில் இருக்கிறார். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் அனுப்பிய மேனேஜரைப் பார்த்திருக்கிறோம், ஆனால் எங்கள் லைனில் அல்ல. ஆபீஸிலிருந்து லைனுக்கு அரை மைல் மண்பாதை. மழைக்காலத்தில் வழுக்கும். அவருடைய ஷூ அந்தப் பாதைக்கு ஒத்துவரவில்லை.

அந்த மேனேஜர் மூலம் வந்த உத்தரவு சுருக்கமானது. எட்டு வீடுகளில் நல்லதாக இருப்பவற்றைப் பழுதுபார்த்துக் கொடுப்பார்கள். மோசமானவற்றை இடித்துவிட்டு அந்த இடத்தில் விருந்தினர் விடுதி கட்டுவார்கள். வீடு இழந்தவர்கள் அடிவாரத்தில் வாடகை அறைகளில் தங்க வேண்டும். காலையில் வேன் ஏற்றிக்கொண்டு வரும், சாயங்காலம் இறக்கிவிடும். என் மனைவி இந்த லைனில் பிறந்தவள். சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூட சாயங்காலப் பஸ்ஸுக்கு மத்தியானமே வந்து நிற்பாள். அங்கே வெயில் தாங்காது. எனக்கு இந்த வீடு தவிர வேறு இடம் தெரியாது.

எது நல்ல வீடு, எது மோசமான வீடு என்று யார் பார்த்துச் சொல்வது? ஒரு கொத்தனார் ஒரு காலைப் பொழுதில் சொல்லிவிடுவார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவரை இரண்டு தட்டுத் தட்டி, கூரையை அண்ணாந்து பார்த்தால் போதும். ஆனால் அது முதலாளிக்குத் தெரியாதாம். அவர் தன் ஊரில் உட்கார்ந்தபடியே வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அதனால் கேமராவில் படம் பிடித்து, அந்தப் படங்களிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வீட்டை அப்படியே நீள அகல உயரத்தோடு கட்டப்போகிறார்கள் என்று ரைட்டர் வந்து சொன்னார்.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வருகிறது. நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குழாயடியில் எல்லோரும் பேசும்போது நான் குடம் நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று என்னவோ வாய் திறந்தது. “படம் புடிக்க வர்றாங்கன்னா வெள்ளையடிச்சர்லாமுங்க” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசியது ஒரு ஆச்சரியம், பேசியது நியாயமாக இருந்தது இன்னொரு ஆச்சரியம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றாலும் பொங்கல் என்றாலும், யாராவது அதிகாரி வருகிறார் என்றாலும், முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு. கேமரா வருகிறது என்றால் கேட்க வேண்டுமா?

ஏற்காட்டில் பாய் கடைக்குப் போய் ஏழு வீட்டுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பும் நீலமும் நான்தான் வாங்கினேன்.

“என்னுங்க, இந்த மழையில வெள்ளை? யாரு ஊட்ல விசேஷம்?” என்று பாய் கேட்டார்.

“ஊட்டையே போட்டோ புடிக்கறாங்களாமுங்க.”

“ஊட்டையா? பொண்ணு பாக்க வர்றாப்லயா? அப்ப நீலத்தக் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க. போட்டோவுல பளிச்சுன்னு வரும்.”

ஏழு வீடு என்றேன். எட்டாவது வீடு என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன், லைனின் கடைசி வீட்டுக்காரர். அவர் வீட்டுச் சுவர் சுண்ணாம்பைப் பார்த்து எத்தனையோ வருடம். அதில் பாசி இருந்தது, கிழிந்த சினிமா போஸ்டர் இருந்தது, எந்தத் தேர்தலிலோ எழுதிய சின்னம் பாதி இருந்தது, வெற்றிலை எச்சில் இருந்தது. வரட்டி தட்டிய கைத்தடம்கூட இருந்தது. நான் வாளியோடு போய் நின்றேன்.

“மாப்ளே, என்ற ஊடு எப்படி இருக்குதோ அப்படியே வரட்டும். பவுடர் பூசி நிக்கறதுக்கு அது என்ன புதுப்பொண்ணா?” என்றார்.

“உங்க ஊட்டப் பாத்து மத்த ஊட்டையும் மோசம்னு நெனச்சுருவாங்கண்ணா,” என்று என் மனைவி கத்தினாள்.

“உங்க வெள்ளையப் பாத்துக் கண்ணு கூசி ஓடிருவாங்க, போ கண்ணு.”

நாங்கள் ஏழு வீட்டார் இரண்டு நாளில் மூன்று பூச்சு அடித்தோம். விரிசல், கறை, ஆணி ஓட்டை ஒன்று விடாமல் அடைத்தோம். கொடியில் கிடந்த துணியை எடுத்தோம். வாசலில் இருந்த விறகை ஒளித்தோம். எங்கள் சுவரில் ஒரு ஈ உட்கார்ந்தால் தனியாகத் தெரியும். நான் தள்ளி நின்று பார்த்து, என் யோசனைதானே என்று பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

படம் பிடிக்க வந்தது ஒரு இளம்பெண். இருபத்தைந்து வயது இருக்கும். மேலே பறந்து படம் பிடிக்கும் ட்ரோன் எங்கள் லைனுக்கு உதவாது, சில்வர் ஓக் மூடியிருக்கிறது. அதனால் ஒரு கோலின் நுனியில் சின்னக் கேமராவை மாட்டி, வீட்டை ஒட்டி மெதுவாக நடந்துகொண்டே வீடியோ எடுத்தாள். குறுக்கே ஆளும் கோழியும் வராமல் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்கள். அதிகம் பேசாதவன் என்பதால் ரைட்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டதற்கெல்லாம் புரியும்படி பதில் சொன்னாள். வீடியோவிலிருந்து எப்படி வீடு எழும்பும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அண்ணா, மலையேறி பஸ்ல வரும்போது ஜன்னல் வழியாப் பாத்திருப்பீங்க. பக்கத்துல இருக்கிற மரம் சர்ருன்னு ஓடும். தூரத்து மலை நம்ம கூடவே வரும், இல்லையா? அவ்வளவுதான் இது. சுவத்துல ஒரு கறை இருக்குன்னு வைங்க. அந்தக் கறையை ஒவ்வொரு படத்துலயும் தேடிப் பிடிக்கும். படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாத்து, அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்குப் போடும். இப்படி லட்சக்கணக்கான புள்ளி சேர்ந்தா அதுதான் வீடு.”

“அது புடிக்கறதுக்குப் புள்ளியே இல்லைன்னா அம்மிணி?”

“அப்ப யூகிக்கும்.”

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கே இது புரிந்தது. ஒன்றும் தெரியாவிட்டால் நானும் யூகிப்பேன். ஆனால் யூகித்தேன் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிப் பேசிக்கொண்டே என் வீட்டு முன்னால் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். “புதுசா வெள்ளையடிச்சீங்களா?” என்றாள். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் சுவரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஏதோ அச்சடித்திருந்தது. அவற்றைச் சுவரில் அங்கங்கே ஒட்ட வேண்டும் என்றாள்.

என் மனைவி ஓடிவந்தாள். “என்னுங்க அம்மிணி இது! நேத்துத்தான் அடிச்ச சுவரு. பசையப் பிச்சா சுண்ணாம்பும் கூடவே வந்துருமில்லீங்க?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முன்னால்தான் கறை, புள்ளி என்று எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் கண்ணில் இருந்ததெல்லாம் மூன்று பூச்சுச் சுண்ணாம்பு. “வேண்டாமுங்க. இப்படியே நொம்ப நல்லா இருக்குது” என்றேன். அன்று முழுவதும் நானாகச் சொன்ன ஒரே தீர்ப்பு அதுதான்.

சேலம் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் வேறு போனில் அவசரப்படுத்தினார். “சரி, பாக்கலாம்” என்று அவள் காகிதத்தை உள்ளே வைத்துக்கொண்டாள். தூறலில் நனைந்த தகரக் கூரை பளபளத்தது. அதையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மச்சான் வீட்டுக்கு வந்ததும்தான் அவள் முகம் மலர்ந்தது. “இது சூப்பரா வரும்” என்றாள். மச்சான் வெற்றிலை வாயோடு என் பக்கம் சாய்ந்து, “கேட்டுக்கிட்டயா மாப்ளே?” என்றார். வீடுகளின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு உண்ணிமுள் மண்டிக் கிடந்ததால் அங்கே அவளால் போக முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ரைட்டர் வந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன். வெள்ளையடித்த ஏழு வீடும் சிவப்பு. மச்சான் வீடு மட்டும் பச்சை. போனில் அவர் வீட்டைச் சுற்றிக் காட்டினால் எச்சில் கறைகூட இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் நானும் மனைவியும் ஆபீஸுக்குப் போனோம். மேனேஜர் எங்களை உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர்தான். பெரிய திரையில் என் வீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எந்த இடத்தில் சுவர் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று எண் எண்ணாக வந்தது.

“இதெல்லாம் சென்டிமீட்டர் சுத்தமா அளந்தது. பாத்தாலே பயமா இருக்கு. இதுக்குள்ள எப்படிக் குடியிருக்கீங்க?” என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மனைவி பேசினாள்.

“ஏனுங்க சார், ஊடு இங்கிருந்து அரை மைலுதானுங்க. ஒருக்கா வந்து கையில தொட்டுப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க.”

“வந்து பாக்க வேண்டாம்னுதான்மா இதை எடுத்திருக்கோம். கண்ணால பாக்கறது ஆளுக்கு ஆள் மாறும். இது டேட்டா.”

“இந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்களே, அந்த டேட்டாவுல பாத்துப்போட்டுத்தான் உக்காந்தீங்களா?”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மச்சான் வீட்டைத் திரையில் கொண்டுவந்தார். “இதைப் பாருங்க. அழுக்கா இருக்கு, ஆனா உறுதியா இருக்கு. நீங்க ஏழு பேரும் என்ன பண்ணியிருக்கீங்க? சர்வே வருதுன்னு தெரிஞ்சதும் வெள்ளையடிச்சு விரிசலை மறைச்சிருக்கீங்க. ஆளை ஏமாத்தலாம். மெஷினை ஏமாத்த முடியாது.”

நான் வாழ்க்கையில் பல பேச்சு வாங்கியிருக்கிறேன். யாரையும் ஏமாற்றியதாக வாங்கியதில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய திரை, எண், பச்சை, சிவப்பு எல்லாம் பொடியாகியிருக்கும். மச்சான் வீட்டுப் பின்சுவர் உண்மையிலேயே பிதுங்கியிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி, கல் நகர்ந்து, சில்வர் ஓக் கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தோம். முட்டுக் கொடுத்தவனே நான்தான். முள்ளுக்குள் கேமரா போகாததால் அந்தச் சுவரை மெஷின் தானே யூகித்து நேராகப் போட்டுக்கொண்டது. நிற்கிற ஏழு வீடு இடியும் வீடு, விழப்போகிற ஒரு வீடு உறுதியான வீடு. இதற்குப் பெயர் டேட்டா.

நான் சொல்லவில்லை. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்பாதையில் இறங்கி வரும்போதுதான் பேசினாள்.

“அண்ணன் ஊட்டுப் பின்சுவரச் சொல்லியிருந்தா அவரு வாய மூடியிருப்பாரில்லீங்க?”

“சொன்னா உன்ற அண்ணன் கீழ போவோணும்.”

“அதுக்குத்தான் நானும் சொல்லல,” என்றாள். கொஞ்ச தூரம் போய், “ஆனா நாமளும் போகமாட்டோம்” என்றாள். அது என்னிடம் சொன்னதா, பாதையிடம் சொன்னதா தெரியவில்லை.

காப்பிப் பழம் பறிப்பு முடிந்ததும் சிவப்பு வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு. ரைட்டரிடம் அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கொடுத்தார். சொல்ல வேண்டியதை மிளகுக்கொடி கட்டிக்கொண்டே நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அழைத்தேன். என் வீடு சிவப்பு, சுவர் நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அவளே பதறினாள்.

“ஐயோ அண்ணா, ரிப்போர்ட்லயே எழுதியிருந்தேனே! வெள்ளைச் சுவத்துல புள்ளி கிடைக்கலை, அந்த ஏழு வீட்டையும் இதை வச்சு முடிவு பண்ணாதீங்க, நேர்ல போய்ப் பாருங்கன்னு. பின்பக்கம் எடுக்கலைன்னும் எழுதியிருக்கேன். கடைசிப் பக்கம் பாருங்க.”

ரைட்டரிடம் போய்க் கடைசிப் பக்கம் என்றேன். அவர் போனில் ரிப்போர்ட்டைத் தள்ளிக்கொண்டே போனார். வண்ணப் படங்கள் எல்லாம் போன பிறகு, படமே இல்லாமல் இங்கிலீஷில் ஒரு பக்கம் இருந்தது. அவர் முதலில் சத்தமாகப் படித்தார். வரி போகப் போகச் சத்தம் குறைந்தது. கடைசி வரியை உதட்டுக்குள்ளேயே படித்தார்.

“இங்க வரைக்கும் யாரும் வரலியாட்ட இருக்குதப்பா” என்றார்.

எங்கள் ஏழு குடும்பத்தை மலையிலிருந்து இறக்க இருந்தவர்கள் ஒரு பக்கத்தைப் புரட்டச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அஞ்சாவது படித்தவன், எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாது. அதற்காகவே படித்து, அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள்.

ரைட்டர் போய் இதைச் சொன்னதும் மேனேஜர் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் மறுபடி கேமரா வரச் சொன்னார். இந்தத் தடவை பின்பக்கமும் சேர்த்து முழுசாக எடுக்க வேண்டும், மூன்று நாளில் எட்டு வீட்டுப் பின்னாலும் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். வெட்டுகிற வேலை எனக்கு.

முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டுப் பின்னாலும் வெட்டி முடித்தேன். எட்டாவது வீட்டு ஓரத்தில் மச்சான் நின்றிருந்தார். வாயில் வெற்றிலை இல்லை.

“இங்க மட்டும் முள்ளு இருக்கட்டும் மாப்ளே.”

“ஆர்டருங்க மச்சான்.”

“உன்ற ஊட்டக் காப்பாத்திக்கறதுக்கு என்ற ஊட்டக் காட்டிக் குடுக்கறயா?”

எப்போதும் கேலி பேசும் மனிதர். அன்று முகத்தில் கேலி இல்லை. ஆபீஸில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததை அவரிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் அதற்கு நன்றி கேட்பதுபோல் ஆகும். முள்ளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். நாலு முழ அகலத்துக்குத்தான் வயிறு தள்ளியிருந்தது. கீழ்க்கல் நன்றாகவே இருந்தது.

“பிரிச்சுக் கட்டிரலாம்” என்றேன்.

“ரெண்டு நாள்லயா?”

“ரெண்டு நாள் இருக்குதில்லீங்க.”

அந்த இரண்டு நாளும் விடாத தூறல். மேலே சாக்குப்படுதா கட்டிக்கொண்டு, மேல்கூரைக்கு முட்டுக் கொடுத்து, பிதுங்கிய இடத்தைப் பிரித்தோம். பாறைக்கல்லை நானும் மச்சானும் தூக்கி வைத்தோம். என் மனைவி சேறு மிதித்துக் கொடுத்தாள். மச்சான் ஒரு கல்லுக்கு ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பச்சை ஊட்டுக்காரனை இப்படி வேலை வாங்கறது பாவமில்லயா கண்ணு?” என்று தங்கையிடம் முறையிட்டார். “சேத்துல காலு வைக்காம தள்ளி நில்லுங்கண்ணா, பச்சை அழிஞ்சுரும்” என்றாள் அவள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது சுவர் நூல் பிசகவில்லை. ஈர மண் பூசி முடித்ததும் என் மனைவி பழக்கதோஷத்தில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “வை கீழ!” என்று கத்தினேன். நான் கத்தி அவள் கேட்டதில்லை. வாளி அவள் கையிலிருந்து தானாகவே இறங்கியது. பிறகு மூவரும் சிரித்தோம்.

அந்தப் பெண் வந்தபோது ஏழு வீட்டுச் சுவரும் நோட்டீஸ் போர்டுபோல் இருந்தன. அவளுடைய கட்டக் காகிதம் போதாது என்று நாங்களே பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, சோப்பு விளம்பரம், கிழிந்த பாடப்புத்தகம் எல்லாம் ஒட்டி வைத்திருந்தோம். மிச்ச இடத்தில் கரியால் கோடு போட்டோம். மூன்று பூச்சுச் சுண்ணாம்பின் மேல் என் கையாலேயே கரியைத் தேய்த்தேன். அவள் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அண்ணா, இதைவிட நல்லா யாரும் பண்ண முடியாது” என்றாள். பளபளப்பிலும் புள்ளி பிடிபடாது என்று, வானம் வெளுத்து, தகரம் காய்ந்த பிறகே எடுக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை யார் போனில் அவசரப்படுத்தியும் அதுவரை அவள் அசையவில்லை.

மச்சான் வீட்டுப் பின்னால் வந்ததும் கேமராவை இறக்கினாள்.

“இது புதுசாக் கட்டினதா?”

“ஆமாங்க” என்றேன். மறைக்க ஒன்றுமில்லை. மச்சான் என் பின்னால் வந்து நின்றார்.

அவள் கிட்டே போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தினாள். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கையில் ஒட்டிய மண்ணைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்கு” என்றாள். இந்த விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் சுவர் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் கட்டுவது அவள் பிழைப்பு. அவளுக்குத் தன் மெஷின் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்திருந்தது. அதை நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

பட்டியல் காப்பிக் களத்து ஓரம் இருக்கும் ஆள் கணக்குப் பலகையில் ஒட்டப்பட்டது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் மச்சான் நாலு தடவை “என்ன போட்டிருக்குது, என்ன போட்டிருக்குது” என்று தோளை இடித்தார். எட்டு வீடும் பச்சை. யாரும் கீழே போக வேண்டியதில்லை. என் மனைவிக்கு நின்ற இடத்திலேயே கண் கலங்கியது. அதை மறைக்க, களத்தில் காப்பி காய்கிறதா என்று குனிந்து பார்க்கப் போய்விட்டாள்.

மேனேஜர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்று ரைட்டர் சொன்னார். பயந்து எல்லோரும் வீட்டை நன்றாகப் பழுதுபார்த்துவிட்டார்கள், சர்வே வைத்ததால்தான் இது நடந்தது என்று முதலாளிக்கு எழுதினாராம். எட்டு வீட்டில் ஏழில் நாங்கள் செய்தது கரி பூசியதுதான். கட்டிய ஒரே சுவர் மச்சான் வீட்டுடையது. அந்த வீடு முதலிலேயே பச்சை. கணக்கில் அது வரவே இல்லை.

நல்ல வீடுகளைப் பழுதுபார்த்துத் தருவதாகச் சொன்னார்களே என்று இரண்டு மாதம் பார்த்தோம். கேட்க நான்தான் போக வேண்டும் என்று லைனில் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு தடவை பேசியவன் எப்போதும் பேசுவான் என்ற நினைப்பு. நான் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். ரைட்டர் போனை எடுத்து எட்டுப் பச்சை வீட்டையும் சுற்றிக் காட்டினார்.

“எல்லாம் நல்ல நெலமையில இருக்குதுன்னு வந்துருச்சப்பா. நல்லா இருக்கற ஊட்டுக்கு எதுக்குப் பழுது பாக்கோணும்னு கேக்கறாங்க.”

“எங்க கூரை ரெண்டு எடத்துல ஒழுகுதுங்க,” என்றேன்.

அவர் படத்தில் கூரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுல ஒண்ணும் தெரியலியே.”

“படத்துல ஒழுகலீங்க, ஊட்டுலதான் ஒழுகுது” என்றாள் என் மனைவி.

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் மண்பாதையில் இறங்கினோம். வழியில் மச்சான் வீட்டில் ஏணியும், ஒரு டப்பாவில் மிச்சமிருந்த தாரும் வாங்கிக்கொண்டேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தார். மழை பிடிப்பதற்குள் தகரத்தில் ஏறி இரண்டு ஓட்டையையும் அடைத்தேன்.